குழியைத் தாண்டாத வேர்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது நான் அக்கா என்று கூப்பிடும் ஒரு விவசாயியின் காடு. செங்கல் சூளைக்காக ஆள் உயரத்துக்குமேல் செம்மண்ணை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய பள்ளம். மண்ணைக் கொடுத்தவர் அவருடைய கணவர். சூளைகள் மூடப்படுவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அங்கே மறுபடியும் மரம் வளர்க்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். வைத்த வேப்பங்கன்றுகளோ, தண்ணீர் ஊற்றியும் கருகிப்போயின.

மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது என் வேலை. அப்படித்தான் அங்கே போனேன். வெட்டாமல் விட்ட வரப்பில் நின்ற பெரிய வேம்பின் வேரையும், கருகிய கன்றின் வேரையும் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மரத்தின் வேருக்குள் பூஞ்சை இழைகள் நீலநீலமாகப் பின்னிக் கிடந்தன. கன்றின் வேரில் ஒன்றுமே இல்லை. வேர் எட்டாத இடத்திலிருந்து சத்தை இழுத்துக் கொடுப்பது அந்தப் பூஞ்சைதான். மேல்மண்ணோடு அதுவும் சூளைக்குப் போயிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த வரப்பு மண்ண அள்ளியாந்து குழியில போட்டா ஆகுமுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

"போட்டுப் பாக்கலாங்க அக்கா."

இருவரும் கூடையில் சுமந்தோம். அந்த மழைக்கு வைத்த கன்றுகள் துளிர்த்தன. காலையில் போனில் கூப்பிட்டு, "புது எலை உட்டிருக்குதுங்க" என்பார். அந்தக் குரலுக்காக நானும் காத்திருக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது கோடையில் கன்றுகள் ஒவ்வொன்றாக வாடின. ஒன்றைத் தோண்டினோம். அடிமண்ணில் கடப்பாரை பட்டபோது கல்லில் பட்டதுபோலச் சத்தம் கேட்டது. நாங்கள் கொட்டிய மண்ணுக்குள்ளேயே வேர் சுற்றிச் சுற்றி, தொட்டிச் செடியின் வேரைப்போலச் சுருண்டிருந்தது. ஒரு வேர்கூடக் குழியைத் தாண்டவில்லை.

அக்கா அதை மடியில் வைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"குழிய உட்டு அக்கட்டால போறதுக்குப் பயந்துபோட்டுதாட்ட இருக்குதுங்க அம்மணி. இந்த மண்ணு எப்பத்தான் பழையபடி ஆகுமுங்க?"

"நம்ம காலத்துல ஆகாதுங்க அக்கா."

அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அதன்பின் ஒரு கன்றும் வைக்கவில்லை. இப்போது நூல் மில் வேனில் வேலைக்குப் போகிறார். ஆராய்ச்சிக்கு மண் எடுக்க அந்தப் பக்கம் போகும்போது நான் அவர் வீட்டுக்கும் போவேன். டீ கொடுப்பார், மகளைப் பற்றிப் பேசுவார், காட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டார். மண் பைகளை அவர் கண்ணில் படாமல் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் உள்ளே நுழைவது.