தலைக்கு மூன்று ரூபாய்

அன்று ஏரிக்கரையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வண்டியில் என் அப்பா, அம்மா, நிறைமாதமாக இருந்த அக்கா, நான். மாட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்காரர். வெளியாள் நுழையாதபடி பாதையில் வெட்டிப் போட்டிருந்த முள்ளுக்கு அந்தப் பக்கம் ஊர்த் தலைவரான கவுடர், என் தாய்மாமன், மாமி, ஊர் நாவிதர். தாங்களும் அங்கே நின்று எங்களுக்காகப் பரிந்து பேசியதாக அந்த ஊர்க்காரர்கள் பலர் பிற்காலத்தில் சொன்னார்கள். பொய். வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

நாங்கள் அல்சூர்க்காரர்கள். பெங்களூரில் பிளேக் வந்த முதல் வருஷம். எங்கள் சந்தில் எலிகள் செத்து விழ, வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒன்று, மைதானத்துக் கூடாரத்துக்குப் போகவேண்டும், இல்லையென்றால் வெளியூர். முதல் பிரசவத்தைக் கூடாரத்திலா பார்ப்பது என்று அம்மா அழுதாள். அக்காவின் புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் தம்பி ஊர் ஒசகோட்டைக்கு அப்பால், வண்டியில் ஒரு பகல் தூரம். அவர் வீட்டில் அக்கா பிள்ளை பெற ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று கிளம்பினோம். பெங்களூர்க் கரகத் திருவிழாவுக்கு வந்தால் மாமா வீட்டார் பத்து நாள் தங்குவார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் பாய் விரிக்காத மூலை கிடையாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சேணம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுவது என் பிறவிக்குணம். வழி நெடுக என் அக்குளை நானே அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் வீங்கியிருந்தது அப்பாவின் அக்குள்.

அவர் ஒரு துரை வீட்டில் சமையல்காரர். பிளேக் ஊசி போட்டுக்கொண்டால்தான் லீவு என்று துரை சொல்லிவிட்டார். ஊசிக் காகிதம் கையில் இருந்தால் எந்த ஊரிலும் தடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். புறப்படுவதற்கு முதல் நாள் அப்பா போட்டுக்கொண்டார். அந்த ஊசி போட்டால் காய்ச்சல் அடிக்கும், அக்குளில் நெறி கட்டும். பிளேக்குக்கும் அதுவேதான் அடையாளம். இரண்டும் வேறு என்று ஊசி போட்ட டாக்டருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். முள்ளுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதை யார் சொல்லிப் புரியவைப்பது?

நாவிதர் கையில் ஆமணக்கு இலையைச் சுற்றிக்கொண்டு வந்து என் அக்குளை அமுக்கினார். ஒன்றுமில்லை. அப்பாவை அமுக்கியதும் அவர் "அம்மா!" என்று கத்திவிட்டார். நாவிதர் இலையை வீசிவிட்டு ஓடினார். பெண்களைப் பார்ப்பதற்காக நிறுத்தியிருந்த மாமி கிட்டேயே வரவில்லை.

"ஊசிக் காய்ச்சலுங்க இது! இதோ, சர்க்கார் காகிதம்," என்று அப்பா நீட்டினார்.

கவுடர் கன்னடத்தில் பேசினார். அது எங்களுக்கும் பழகிய பேச்சுதான். "காகிதத்துக்குக் காய்ச்சல் இல்ல, பட்லரே. உனக்கில்ல இருக்குது?" என்றார்.

அம்மா இறங்கி முள்ளருகே போனாள். "டேய் தம்பி, நாங்க வேணா திரும்பிப் போறோம். பொண்ணை மட்டும் கூட்டிக்கிட்டுப் போடா."

மாமா தரையைப் பார்த்தார். மாமிதான் பேசினாள். "எங்க வீட்லயும் குழந்தைங்க இருக்குது, அண்ணி. நீங்களே சொல்லுங்க, எங்க இடத்துல நீங்க இருந்தா விடுவீங்களா?"

எங்கள் சந்தில் சாவு விழுந்த வீட்டை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தவன். அந்தப் பயம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் மாமிக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடைசியில் கவுடர் வழி சொன்னார். ஏரிக்கு இந்தப் பக்கம் கரும்பாலைக் கொட்டகை ஒன்று பாதிக் கூரையோடு சும்மா கிடந்தது. அமாவாசை வரை அதில் இருக்கலாம். "ஆனா செத்தீங்கன்னா கட்டைக்கும் கூலிக்கும் ஊர் எங்க போகும்? தலைக்கு மூணு ரூபா வைங்க. உசுரோட போறப்ப திருப்பி வாங்கிக்குங்க."

"வயித்துல இருக்கறதுக்கும் சேர்த்தா?" என்று அப்பா எரிச்சலோடு கேட்டார்.

"வெளிய வராததுக்குத் தலை ஏது?" என்று கவுடர் சிரித்தார்.

பன்னிரண்டு ரூபாய், அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். நோய் ஒட்டாமலிருக்கக் காசைச் சுண்ணாம்புத் தண்ணீர்ச் சட்டியில் போடச் சொன்னார்கள், போட்டோம். அம்மா கொண்டுவந்திருந்த அரிசியும் வெல்லமும் வெயிலில் கிடந்துவிட்டு மாமா வீட்டுக்குள் போயின. வண்டிக்காரர் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டாம் நாளே அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. நெறியும் வடிந்தது. அவர் கரைமேல் நின்று கையைத் தூக்கிக்காட்டி, "வந்து தொட்டுப் பாருங்கய்யா!" என்று கூப்பிட்டார். அமாவாசை கழியட்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அமாவாசைக்கு முன்பே அக்காவுக்கு வலி கண்டது. மழை பிடித்துக்கொண்டது. மாமா மருத்துவச்சியை அனுப்பினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் முள்ளருகிலேயே நின்றுகொண்டு, "முக்கச் சொல்லு! முதுகைத் தேய்ச்சு விடு!" என்று கத்தினாள். "கொடி சுத்திக்கிட்டிருக்கு, கை வெச்சு எடுக்கணும், வாம்மா," என்று அம்மா கெஞ்சினாள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாளே தவிர நகரவில்லை. ஆண் குழந்தை. மூச்சு இல்லை. அக்கா பிழைத்தாள். அப்புறம் அவளுக்குப் பிள்ளையே இல்லை.

அமாவாசை கழிந்து நாங்கள் புறப்படும்போது அப்பா பணத்தைக் கேட்டார்.

"சாவு நடந்துபோச்சே," என்றார் கவுடர்.

"ஒரு கட்டை எரிச்சீங்களா? குழியை நானும் என் பையனும்தானே தோண்டினோம்?"

"எல்லையில சாவு விழுந்தா மாரிக்குக் கிடா வெட்டணும். யார் வீட்டுக் காசு?"

மாமா அப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

பல வருஷம் கழித்து அப்பாவின் காரியத்துக்கு மாமா அல்சூர் வந்தார். எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார், எங்கள் பாயில்தான் படுத்தார். ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவின் கையில் மூன்று ரூபாயை வைத்து, "அக்கா, உன் தலைக்குக் கட்டினது. ஊர் குடுக்கல, நான் குடுக்கறேன்," என்றார். அம்மா வாங்கிக்கொண்டாள். மற்ற மூன்று தலைகளுக்கும் சேர்த்து ஒன்பது ரூபாய் பாக்கி.