தார் ஊற்றிய சிலோன் டப்பா

நேற்று எங்கள் தெருவில் ரோடு போட்டார்கள். காலை காப்பி குடிக்கும்போதே தார் காய்ச்சுகிற நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அடுப்படி வரை போய்விட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கதவாக அடைத்தாள். எனக்கு மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. ஏதோ முணுமுணுத்திருக்கிறேன், அவள் காதில் விழுந்துவிட்டது.

“யாரை அத்தை வையிறீக? ரோடு போடுறவகளையா?”

“அவுக என்ன பாவம் பண்ணினாக? நீ போயி உலையைப் பாரு” என்றேன்.

நான் திட்டியது முருகேசன் அத்தானை. என் அப்பாவோடு கூடப்பிறந்தவள் என் அத்தை, அவளுக்கு ஒரே மகன். நான் பிறந்த அன்றே இவளுக்கு இவன் என்று பேசி வைத்துவிட்டார்கள். அவரைக் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் தார். தாருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தாருக்கும் ரேடியோவுக்கும்கூடச் சம்பந்தம் இருந்திருக்கக் கூடாது. ஏற்படுத்தியவர் அவர்தான்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தேன். சோதனைக்குழாய் கழுவுவதும், காந்தங்களை எண்ணிப் பூட்டி வைப்பதும்தான் வேலை. ஆனால் அலமாரிக்கு அடியில் ஒரு செத்த வால்வு ரேடியோ கிடந்தது. அதை நோண்டி நோண்டி ஒருநாள் பேச வைத்துவிட்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சால்டரிங் அயன் வாங்கத் தீபாவளிப் புடவையை வேண்டாம் என்றவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஈயம் ஒட்டுவதற்கு நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கி வருவேன். அது புகைந்தால் வீடே கோயில் மாதிரி மணக்கும். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்போது செட்டியார் வீடுகளில் பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கப்பலில் வந்த வால்வு ரேடியோக்கள் நிறைய இருந்தன. தேக்குமரப் பெட்டி, தங்க நிறத் துணி, பூனைக்கண் மாதிரி ஒரு பச்சை விளக்கு. பார்க்க ராஜா. ஆனால் சாயங்காலம் சிற்றலையில் சிலோன் ஸ்டேஷனைப் பிடிக்கச் சொன்னால் ராஜாவுக்கு உடம்பு முடியாமல் போய்விடும். முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் சீனாக்காரன் பேசுவான், இன்னொரு மயிரிழைக்கு மணி அடிக்கும். சிலோன்காரர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்போது பேரனின் பெயர் மட்டும் இரைச்சலில் போய்விடும். அந்த ரேடியோவைத் தூக்கிப் போடவும் மனசு வராது, அப்பச்சி, அதாவது அவர்கள் அப்பா, கொண்டுவந்தது.

இதற்காகத்தான் நான் ஒரு டப்பா செய்தேன். பிஸ்கட் டின்னை வெட்டி மடக்கி, உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர். தையல் நூல் தீர்ந்த மரக்கட்டைகளில் நானே செம்புக்கம்பி சுற்றிச் செய்த காயில்கள். மெலிந்து வரும் சிலோனைத் தூக்கிக் கொடுக்கும். முள்ளை நிதானமாக நகர்த்த இடமும் கொடுக்கும். பழைய ரேடியோவின் முதுகுப் பலகைக்கு வெளியே, ஒரு மரச்சட்டத்தில் தொங்க விட வேண்டும். டின் முழுக்க ஆணியால் ஓட்டை போட்டிருப்பேன். அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது. சூடு ஏறினால் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும்; இழுக்க இழுக்க இன்னும் சூடாகும்; கடைசியில் செத்துப்போகும். வால்வு ரேடியோவின் உள்பக்கமோ தோசைக்கல். அதனால்தான் வெளியே தொங்கல், அதனால்தான் ஓட்டை. இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதைத்தான் அத்தானிடமும் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அத்தானுக்கும் ரேடியோ ஆசை உண்டு. ஆறு மாத மெக்கானிக் வகுப்புக்குப் போனவர். ஆனால் கையை விட அவருக்கு வாய் நன்றாக வேலை செய்யும். டப்பாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு கோட்டையூர், கண்டனூர், பள்ளத்தூர் என்று வீடு வீடாகப் போனார். மாட்டிக் காட்டினார். சிலோன் கணீரென்று வந்ததும் ஆச்சிமார்கள் பலகாரத்தட்டோடு வந்து நின்றார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் போய் சாமான் வாங்கி வருவதும் அவர்தான். விற்கட்டும், கடை போடுவோம், பலகையில் ரெண்டு பேர் பெயரும் இருக்கும், ஆவணியில் கல்யாணம் என்றார். எனக்குக் கல்யாணத்தை விட அந்தப் பலகைமேல்தான் ஆசை. நான் செய்தது இது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு எதையும் நான் கேட்கவில்லை.

கடைவீதியில் ஒரு ரேடியோக் கடைக்காரர் எங்கள் டப்பா ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அத்தானுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. ஒருநாள் மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போனேன். கொல்லைப்பக்கம் தார் நாற்றம். அவருடைய சித்தப்பா ரோடு காண்ட்ராக்டில் இருந்தவர், டின் டின்னாகத் தார் கிடக்கும். அத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொதிக்கிற தாரை அகப்பையால் மொண்டு என் டப்பாக்களுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சுற்றிய காயில்கள், நான் வைத்த ஈயம் எல்லாம் கறுப்புக் களிக்குள் போய்க்கொண்டிருந்தது.

“என்ன அத்தான் செய்றீக? அது செத்துப்போகும்!”

“இனிமே எவனும் பிரிச்சுப் பார்க்க முடியாதுல்ல? பிரிச்சாலும் தாரைத்தான் நக்கணும்.”

“காத்துப் போகலைன்னா சூடு தாங்காது.”

“இன்னொண்ணு கேட்டுக்க. இனி வெளியில தொங்க விடப் போறதில்லை. உள்ளுக்குள்ள வச்சு முடுக்கிருவேன். கண்ணுல பட்டாத்தானே களவு போகும்?”

“உள்ளயா? அத்தான், உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?”

“நீ பாட்டுக்கு ஈயம் பத்தவச்சுக் கொடு. யாவாரம் எனக்குத் தெரியும்.”

“சூட்டுக்கு யாவாரம் தெரியாது அத்தான்.”

அத்தை உள்ளேயிருந்து, கட்டிக்கப் போறவனை எதிர்த்துப் பேசுகிற வாயைப் பார் என்று குரல் கொடுத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு டப்பாவும் செய்து கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். தார் ஊற்றினது எல்லாம் மாசி முடிவதற்குள் விற்றுப்போனது.

பங்குனி பிறந்தது, வெயில் பிறந்தது. நம்ம ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வீடாக சிலோன் செத்தது. சும்மா சாகவில்லை, தார் உருகி ரேடியோவின் அடிவழியாக ஒழுகியது. கோட்டையூரில் ஒரு ஆச்சி, நல்ல உயரம், காதில் வைரத்தோடு, ஆள் விட்டு அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் என்னிடம் வந்து, நீயும் கூட வா, பொம்பளை வந்தால் கோபம் குறையும் என்றார். போனேன். அங்கே போய் உண்மையைச் சொல்வார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது?

ரேடியோவுக்கு அடியில் விரித்திருந்த வெள்ளைப் பின்னல் துணியில் கறுப்பாக ஒரு குளம்.

“ஏன்ப்பா, இது ரேடியோவா எண்ணெய்ச் சட்டியா? எங்க அப்பச்சி பினாங்குல இருந்து கொண்டாந்தது. சண்டைக் காலத்துலகூட ஒரு கீறல் விழல” என்றார் ஆச்சி.

அத்தான் தலையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

“கோவிச்சுக்கிறாதீக ஆச்சி. இது எங்க மாமா மக. இதுதான் உள்ள பத்தவைக்கிறது. பொம்பளப்பிள்ளை கை பாருங்க, ஈயம் சரியாப் பிடிக்கல. அதான் சூடாகித் தாரும் இளகிப்போச்சு.”

நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சிரித்த முகத்தோடு சொன்னார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

“ஆச்சி, கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பழைய துணியும் குடுங்க” என்றேன். வந்தது. டப்பாவைக் கழற்றி, தரையில் தாளை விரித்து உட்கார்ந்து, தாரைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். கூடம் முழுக்க நாற்றம். வேலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் உள்ளே எல்லாம் தெரிந்தது. ஈயம் ஒவ்வொன்றும் அரிசி மாதிரி வைத்த இடத்தில் இருந்தது.

“நீங்களே இழுத்துப் பாருங்க ஆச்சி. எந்தக் கம்பியாவது கையோட வந்தா நான் இந்த வேலையையே விட்டுடறேன்.”

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொப்பு நகை பார்ப்பது போல ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

“சரி ஆத்தா. உன் கை நல்ல கைதான். இப்ப ரேடியோ பாடுமா?”

“பாடாது ஆச்சி. டிரான்சிஸ்டர் ரெண்டும் சூட்டுல செத்துப்போச்சு. தார் ஊத்தாதீகன்னு நான் சொன்னேன், கேக்கல.”

ஆச்சி கண்ணாடியைக் கழற்றினார். “இவனைத்தானே கட்டிக்கப் போறே? நாலு பேர் நிக்கிற இடத்துல ஆம்பளையை இப்பிடியா நிறுத்துறது? வீட்டுல போயிப் பேசிக்கிற வேண்டியதுதானே?”

நல்ல கை என்று சொன்ன அதே வாய். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. தாரோடு இருந்த கையைக் கழுவக்கூடக் கேட்காமல் பஸ் ஏறினேன்.

அன்று வீட்டில் சொல்லிவிட்டேன், கல்யாணம் வேண்டாம் என்று. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை உதறினார்.

“ஒரு தகர டப்பாவுக்கா?”

“ஆமா.”

“ஆம்பளைன்னா ஒரு வார்த்தை முன்னப்பின்ன சொல்லத்தான் செய்வான். அதுக்கு?”

“என் கை சரியில்லைன்னு சொன்னாக. சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கட்டிக்கிறேன்.”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. அம்மா ரெண்டு நாள் பட்டினி கிடந்தாள், அத்தை மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள், ஆவணி வந்து போனது. அடுத்த வருஷம் நான் என் ஸ்நேகிதிகளோடு சினிமாவுக்குப் போனேன். இடைவேளையில் விளம்பர ஸ்லைடு. முருகேசன் ரேடியோஸ், எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு. பக்கத்தில் படம். தார் இல்லை. முதுகுக்கு வெளியே மரச்சட்டம். டின் முழுக்க ஓட்டை. நான் முறுக்குப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கும் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, அவருக்கும் ஆனது. ஆனால் சொந்தம் விடுமா? ஒவ்வொரு காதுகுத்திலும் கல்யாணத்திலும் எதிர்ப்பந்தியில் வந்து உட்காருவார். நானும் விடமாட்டேன். “அந்த டப்பாவை யாரு அத்தான் செஞ்சது?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்பேன். “ரசம் ஆறிப்போகுது, சாப்பிடு” என்பார். காது சிவந்துபோகும். அதைப் பார்ப்பதற்காகவே சில கல்யாணங்களுக்கு நான் போயிருக்கிறேன்.

இப்போது அந்த ரேடியோக்கள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. ஒரு டப்பாவாவது கிடைக்குமா என்று போன வருஷம் கடை கடையாக ஏறினேன். ஒவ்வொரு ரேடியோவாகத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் திருகாணித் தடம் மட்டும் இருந்தது. “பின்னால எவனோ எதையோ ஒட்டி வச்சிருந்தானுக, ஆச்சி. அசல் இல்லைன்னு வெள்ளைக்காரன் வாங்க மாட்டேங்கிறான். பிடுங்கிப் போட்டாச்சு” என்றான் கடைக்காரன். சிலோன் சிற்றலையும் நின்றுபோய் எவ்வளவோ காலம். கோட்டையூர் ஆச்சியின் வீட்டை மரம் மரமாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அப்பா, அம்மா, அத்தை யாரும் இல்லை.

போன பங்குனியில் அத்தானும் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போனேன். அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “உங்களுக்குத் தெரியுமா சித்தி, அந்தக் காலத்துலயே அப்பாதான் சிலோன் டப்பா கண்டுபிடிச்சது.”

“நான்தான்ப்பா செஞ்சேன்” என்றேன்.

பையன் தலையை ஆட்டினான். பெரியவர்கள் துக்கத்தில் எதையாவது சொல்வார்கள் என்பது போல ஒரு ஆட்டல். பக்கத்தில் இருந்தவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் மாலைக்குள் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தேன். நான் சொல்வது நிஜம் என்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். கேட்டால் காது சிவக்கிற ஆள் இந்த உலகத்தில் இனி எனக்கு யாரும் இல்லை.