போதும் என்றால் விலகும் கை

செவ்வாய்க்கிழமை காலை சித்தூரிலிருந்து ஹரிணி போன் செய்தாள். “மஞ்சுளாக்கா நம்மள விட்டுப் போய்ட்டாங்க மேடம். நான் அவங்க ஊரு நகரிக்குப் போய்க்கினு இருக்கேன்.” நானும் திருப்பதியிலிருந்து கிளம்பினேன்.

மருத்துவமனையில் நான் உணவு ஆலோசகர், மஞ்சுளா மசாஜ் செய்பவர். அவருடைய கைப்பக்குவம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை விலகிய விதத்தை நான் சொல்கிறேன்.

ஹரிணி அப்போது கல்லூரி மாணவி. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டையே விட்டு, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தாள். சிகிச்சைக்குத் துணையாக மசாஜும் இருக்கட்டும் என்றார் மனநல மருத்துவர். மஞ்சுளா உள்ளங்கையில் எண்ணெயை விட்டுக்கொண்டு, “தேய்க்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ஹரிணி தலையாட்டுவாள். பாதத்தில் விரல் பட்டதுமே “போதும்” என்பாள். அந்த நொடியே மஞ்சுளா கையை எடுத்துவிடுவார். பத்து நாளும் இதே கதைதான். வீண் வேலை என்று நான் சலித்துக்கொண்டேன்.

“நான் சோறு துன்ன வைக்க வரல மேடம். அவ சொல்றத ஒருத்தராவது கேக்கணும், அதுக்கு வரேன்” என்றார் மஞ்சுளா.

பதினோராம் நாள் ஹரிணி போதும் என்று சொல்லவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கியவளை நான்தான் கெடுத்தேன். நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். “கன்னம் சதை வெச்சிருக்கு, இப்பதான் லட்சணமா இருக்கே” என்று வாயை விட்டேன். அன்று மதியம் தட்டு அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. மஞ்சுளா முதல் நாள் போலவே எண்ணெயோடு போய், “தேய்க்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு பாதம் வெளியே வந்தது. அன்று சாயங்காலம் ஹரிணி அரை இட்லி சாப்பிட்டாள். நான் மலைத்துப்போய் நின்றேன். இன்றும் அந்த மலைப்பு தீரவில்லை.

நகரியில், மஞ்சுளாவின் உடலைக் குளிப்பாட்டுவதற்கு முன் ஆளுக்கொரு கை எண்ணெய் வைத்தார்கள். ஹரிணியின் முறை வந்தது. உள்ளங்கையில் எண்ணெயோடு குனிந்து, “தேய்க்கட்டுமாக்கா?” என்று கேட்டுவிட்டு நின்றாள். நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். அவள் அசையவில்லை. காத்திருந்துவிட்டுத்தான் பாதத்தைத் தொட்டாள்.

இப்போதெல்லாம் எடை பார்க்க நான் யாரையும் கைபிடித்து இழுப்பதில்லை. ஏறுகிறாயா என்று கேட்டுவிட்டுக் காத்து நிற்கிறேன். கேட்பது நான். காத்து நிற்பது எனக்குள் இருக்கும் மஞ்சுளா.