சிவப்புக் கோட்டில் எத்தனை வோல்ட்

ஓய்வு பெற்ற ஆறாவது மாதத்திலேயே எங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்பதும் தெரியும். நிரூபிப்பதுதான் பாக்கி.

தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். கடைசிப் பதினோரு வருடம் பெரிய கிளாக்கர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பெல்மதுளைக்குப் போகும் பாதையோரம் ஒரு சிறிய வீட்டுக்கு மனைவியோடு வந்தேன். கூடவே ஒரு கிட்டாரும், அதற்கான வால்வு அம்ப்ளிஃபயரும் வந்தன.

அந்த அம்ப்ளிஃபயர் முன்பு துரைமார் கிளப்பில் இருந்தது. கிளப்பை மூடிச் சாமான்களை ஏலம் விட்டபோது பட்டியலை டைப் செய்தவன் நான். அதில் 'பழைய ரேடியோ, பழுது' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு யாரும் ஏலம் கேட்கவில்லை, என்னைத் தவிர.

பெட்டியின் பின்புறத்தில் ஒரு திருகு உண்டு. வீட்டு மின்சாரம் எவ்வளவோ அதற்கேற்ப 200, 220, 240 ஆகிய மூன்றில் ஒன்றில் அதை வைக்க வேண்டும். மின்சாரம் குறைந்தால் வால்வுகள் சரியாகச் சூடேறாது. கிட்டார் தடிமன் பிடித்தவனைப் போலப் பாடும். கூடினால் வால்வுகள் எரியும். அதற்கும் மேலே போனால் உள்ளேயிருக்கும் ட்ரான்ஸ்போமர் போய்விடும். வால்வுகளைக் கொழும்பில் தேடிப் பிடிக்கலாம். ட்ரான்ஸ்போமர் கிடைக்காது. அது எரிந்தால் பெட்டியில் அரிசி போட்டு வைக்கலாம் என்று அதை எனக்குத் திருத்திக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தை எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

எனவே ஒரு மீட்டர் வாங்கி, காலை ஒன்பது, பிற்பகல் இரண்டு, மாலை ஏழு என்று தினமும் மூன்று முறை சுவர் பிளக்கில் அளந்தேன். கோடு போட்ட கொப்பியில் தேதி, நேரம், வோல்ட், வானிலை, கையொப்பம். மனைவி இதைப் பார்த்துவிட்டு, தன் தங்கச்சியிடம் போனில் சொன்னது எனக்கும் கேட்டது: "எனக்கு பிரஷர் பாக்க நேரமில்ல இவருக்கு. அந்தப் பெட்டிக்கு மூணு வேள பாக்குறாரு."

காலையில் 198. இரண்டு மணிக்கு 201. மாலையில் 199. இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் இது.

காரணம் பக்கத்து மதிலுக்கு அப்பால் இருந்தது. அங்கே ஒரு முஸ்லிம் நானா மிளகாய், மல்லி, அரிசி மா அரைக்கும் மில் வைத்திருந்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வரும். தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் எல்லாருக்கும் முழு நாள் பெயர் விழுந்திருந்தாலும் அப்படித்தான். மில் மோட்டார் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு பல்ப் ஒரு தடவை தலை குனியும். அனுமதி வாங்கியதைவிடப் பெரிய மோட்டார் போட்டிருக்கிறார் என்று கணித்தேன். மில் ஐந்து மணிக்கு நின்ற பிறகும் ஏழு மணிக்கு ஏன் 199 என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது: கதவைச் சாத்திவிட்டு உள்ளே இன்னொரு சின்ன மோட்டார் ஓடுகிறது. இரண்டு மாலை மதிலோரம் நின்று காது கொடுத்தேன். சத்தம் இல்லை. அவ்வளவு கவனமாக ஓட்டுகிறார்.

மின்சார அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். மூன்று பிரதி, கொப்பியின் நகல் இணைப்பு, பதிவுத் தபால். பத்து நாளில் ஒரு லைன்மேன் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்து, கொப்பியைப் புரட்டி, சிங்களத்தில் 'ஹரி மஹத்தயா', சரி ஐயா, என்றுவிட்டு நானாவின் மில்லுக்குப் பிளேன்டீ குடிக்கப் போனார். அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

பதில் வரும்வரை பெட்டி சும்மா இருக்க முடியாது. கொப்பியிலுள்ள சராசரிப்படி திருகை 200இல் வைத்தேன். யாரும் கை வைக்கக் கூடாது என்று அதன்மேல் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, சுருக்கொப்பமும் இட்டேன். வீட்டில் கை வைக்கக்கூடிய ஆள் என்னைத் தவிர மனைவி ஒருத்திதான். அவள் அந்தப் பெட்டியைத் தூசு தட்டவும் மறுப்பவள். கிட்டார் நன்றாகவே பாடியது.

பிறகு போயா வந்தது, பௌர்ணமி விடுமுறை. மில் மூடியிருந்தது. தேயிலை ஃபெக்டரிக்கும் லீவு. பாதையில் வெள்ளை உடுத்த சனம் பௌத்தப் பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்தது. மிளகாய் நெடியும் இல்லை, மோட்டார் இரைச்சலும் இல்லை. கிட்டார் வாசிக்க இதைவிட நல்ல காலை கிடைக்காது என்று பத்து மணிக்குப் பெட்டியைப் போட்டேன்.

முதல் பத்து நிமிடம் அது பாடிய மாதிரி என் வாழ்நாளில் பாடியதில்லை. அதைத்தான் நான் சந்தேகித்திருக்க வேண்டும். சூடான தார் வாசம் வந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு வால்வின் உள்தகடு அடுப்புக் கம்பியைப் போலச் சிவந்திருந்தது. கையை நீட்டுவதற்குள் 'டக்' என்று எல்லாம் அணைந்தது.

ட்ரான்ஸ்போமரைத் தொட்டேன்; விரல் வைக்க முடியாத சூடு. கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே நானாவின் வீட்டுக்குப் போனேன். மில் நின்ற நாளில்கூட என் மின்சாரத்தில் எதையோ செய்திருக்கிறார். இனிப் பேசித்தான் ஆக வேண்டும்.

அவர் பனியனோடு வாசலில் உட்கார்ந்து வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"மில்லு இன்டைக்கு ஓடவே இல்லியே ஐயா."

"அதுதான் கேக்குறேன். ஓடாம எப்படி எரிஞ்சுது?"

அவர் கத்தியை வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்து, கொப்பியை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்த சிவப்புக் கோடு என்னத்துக்கு?"

"ஞாயிறு, போயா. லீவு நாள்."

"அந்தக் கோட்டுல எத்தின வோல்ட் ஐயா?"

கொப்பியைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன்; கோட்டின் மேல் எண் எதுவும் இல்லை. தோட்டத்தில் வேலையில்லாத நாளுக்கு செக்ரோலில் பெயர் விழாது. குறுக்கே சிவப்புக் கோடு இழுத்துவிடுவோம். முப்பத்து நான்கு வருடம் இழுத்த கை, கொப்பியிலும் தானாக இழுத்திருக்கிறது. நான் லீவு கொடுத்ததும் மின்சாரமும் லீவில் போய்விடும் என்று நம்பியிருக்கிறேன். ஞாயிறு கோயிலுக்குப் போகிற நாள், பெட்டியைப் போடுவதில்லை. அதனால் இதுவரை தப்பியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மீட்டரைச் செருகினேன். 251.

லைன்மேன் நானாவிடம் சொல்லியிருந்த விஷயத்தை அவர் மதிலுக்கு மேலாகச் சொன்னார். பகலில் மில்லும் ஃபெக்டரியும் இழுக்கிற இழுவைக்கு ஈடு கொடுக்க, சந்தியிலுள்ள பெரிய ட்ரான்ஸ்போமரில் வோல்ட்டைக் கூட்டி வைத்திருக்கிறார்களாம். மாலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க ரைஸ் குக்கரும் அயன் பெட்டியும் இழுக்கும். எவரும் இழுக்காத நாளில் அத்தனையும் வீடுகளுக்குள் வந்து ஏறும். சின்ன மோட்டார் ஒன்றும் இல்லை. நான் இரண்டு மாலை நுளம்புக் கடி வாங்கியது வீண்.

பெட்டி ஆறும்வரை மத்தியானம் காத்திருந்தேன். எரிந்தது ஃபியூஸும் ஒரு வால்வும்தான். மீட்டரை வைத்துப் பார்த்தபோது ட்ரான்ஸ்போமர் உயிரோடிருந்தது. முன்பு சந்திக் கடைக்காரர் அதே அளவு ஃபியூஸ் இல்லை, பெரிசு போடுங்க, யாரு பாக்கப் போறா என்று சொன்ன நாளில், முறை முறைதான் என்று மூன்று வாரம் காத்திருந்து சரியான ஃபியூஸை எடுத்திருந்தேன். என்னைக் கெடுத்த பழக்கம்தான் பெட்டியைக் காப்பாற்றியது. மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சரிதான்" என்று மட்டும் சொன்னாள். அது எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லவில்லை.

புது வால்வு வந்த அன்று நானா மதிலுக்கு வந்தார். மோட்டாரைப் போடும் முன்னும் நிறுத்தும் முன்னும் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறேன், பெட்டியை அணைத்துவிட்டுத் திருகை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். நன்றி சொன்னேன்.

"அது கெடக்கட்டும். என்னப் பத்திக் குடுத்த பெட்டிசனுக்குப் பதில் வந்திச்சா ஐயா?"

"இன்னும் வரல்ல."

"வந்தாச் சொல்லுங்க. நானும் பாக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். லைன்மேன் பிளேன்டீ குடித்த அன்றிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்தக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறார்.

இப்போது தகரத்தில் இரண்டு தட்டு கேட்கும். பெட்டியை அணைப்பேன். போயா நாளுக்கும் கொப்பியில் ஒரு கட்டம் உண்டு. சிவப்புப் பேனாவை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். அவர் சரியான நேரத்தில்தான் தட்டுகிறார், இதுவரை ஒருமுறையும் தவறவில்லை. இருந்தாலும் மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் திருகில் கை வைக்கிறேன்.