ஜப்பானிய மொழி பேசிய கார்

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், நியூசிலாந்தில் நான் வாங்கிய பழைய கார் ஜப்பானிய மொழியில் பேசும். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த வண்டி. சாவியைத் திருப்பியதும் ஸ்டீரியோவிலிருந்து ஒரு பெண்குரல் பணிவாக ஏதோ சொல்லும். பக்கத்து வீட்டு பிரையன் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "உங்கள் மொழி எவ்வளவு இனிமை!" என்றார். தமிழ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்த பாராட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

என் மனைவி கலைவாணிக்குத்தான் அந்தக் குரல் ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் கருட சேவைக் கூட்டத்துக்குள்ளேயே ஸ்கூட்டர் ஓட்டியவள், இங்கே லைசென்ஸ் வாங்கியும் காரைத் தொடவில்லை. "அது சொல்றது எச்சரிக்கையா, திட்டான்னே தெரியல. நான் ஓட்டமாட்டேன்பா." திங்கட்கிழமை அவளுக்கு ஒரு மழலையர் பள்ளியில் வேலை ஆரம்பம். இந்த நாட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. எனக்கோ விடியற்காலை ஷிப்ட், கொண்டுபோய் விடவும் முடியாது. அவள் வீட்டுக்குள்ளேயே சுருங்கிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை புது ஸ்டீரியோ வாங்கிவந்து டேஷ்போர்டைப் பிரித்தேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையை, நிறத்துக்கு நிறம் பார்த்து, ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்போம். ஆயிரக்கணக்கில் பிணைத்த கை இது. ஒயர்களைச் சேர்த்துப் பிடித்திருந்த கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று முறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் 'டப்' என்றது. கடிகாரம், உள்விளக்கு எல்லாம் அணைந்துபோயின. கலைவாணி வீட்டுக்குள் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கும் பாஷாவை வீடியோவில் அழைத்தேன். என் பள்ளித் தோழன். அங்கே காலை, அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தான். "இன்னாபா, பட்டுன்னு நெனச்சிக்கினியா? வண்டிக்கு வண்டி ஒயர் கலர் மாறும். கலர நம்பாத. மீட்டர் வெச்சி, எதுல கரண்ட் வருதுன்னு பாரு" என்று சிரித்தான். ஒவ்வொரு ஒயராகச் சோதித்து, ஃபியூஸ் மாற்றி, எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. கடைக்கு வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு அவன் அழைப்பிலேயே இருந்தான். அவனுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்!

ஸ்டீரியோ ஒளிர்ந்தது. போனை அதோடு இணைத்தேன். "தங்கச்சி, ஏறி உக்காரும்மா. நாலு ஸ்பீக்கரும் பேசுதான்னு பாக்கணும்" என்று பாஷாவின் குரலில் கார் அவளைக் கூப்பிட்டது. வாசலுக்கு வந்த கலைவாணி சிரித்துவிட்டாள். என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத தெருவில் மெல்ல நகர்த்தினாள். அப்போது பஸ் ஹாரன் ஒன்று அலறியது. கொஞ்சமும் பதறாமல் இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தி, வழிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பூனைகூட இல்லை. போன் திரையில், பாஷாவின் கடை வாசலில் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது.

"போய்ட்டானா?" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடி.

"போய்ட்டான்" என்றேன்.

அவள் வண்டியை எடுத்தாள்.