வாத்து விழாத டிவி

காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் முத்தழகு முதலில் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைப்பார். அப்புறம் வீடியோ கேம் கேசட்டின் வாயில் மூன்று முறை ஊதுவார். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பனியனில் துடைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போடுவார். திரையில் புல்லுக்குள்ளிருந்து ஒரு வாத்து கிளம்பும். டக். விழும். அப்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும். காலை ஐந்தரையிலிருந்து கண்மாய்க் கரையில் பறவைகளுக்குக் காவல் இருந்துவிட்டு வரும் மனிதர், சோற்றில் கை வைக்குமுன் பத்து வாத்துகளைச் சுட்டாக வேண்டும்.

"காலையில காப்பாத்துறாரு, மத்தியானம் சுடுறாரு. இவுகளுக்கு எதுக்குச் சம்பளம் குடுக்குறாகன்னே தெரியல" என்பார் அடுப்படியிலிருந்து அவர் மனைவி முருகம்மாள்.

"டிவி வாத்துக்குக் காவலு போடலடி இன்னும். போட்டா அதுக்கும் நான்தான் போவேன்."

அவர் வனத்துறையில் தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலர். வயது ஐம்பத்திரண்டு. கமுதிப் பக்கம் எங்கள் கண்மாயில் ஐப்பசி தொட்டு நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து கருவ மரங்களில் கூடு கட்டும். அவை குஞ்சு பொரித்துக் கிளம்பும்வரை ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. கல்யாணத்துக்குக் கொட்டு கிடையாது, மைக் செட்டு கிடையாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. வெளியூரிலிருந்து மருமகளாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

டிவியின் சத்தத்தை அவர் குறைப்பதும் அதனால்தான். வீட்டுக்கும் கண்மாய்க்கும் அரை கிலோமீட்டர் இருக்கும். ஒருமுறை நான் இதைச் சொன்னேன். "அதுகளுக்குக் கேக்காது சார். எனக்குக் கேக்குமே" என்றார். கேட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது ஏழுதான். அந்த ஏழையே திரும்பத் திரும்ப வரிசை போட்டிருப்பார்கள். மகள் சிநேகாவுக்கு ஏழு வயதாகும்போது ராமநாதபுரம் சந்தையில் வாங்கியது. அவளுக்கு மூன்று மாதத்தில் சலித்துவிட்டது. இவருக்குப் பதினாறு வருடமாகச் சலிக்கவில்லை. மற்ற ஆறையும் அவர் தொடுவதில்லை. அக்காள் மகன் சூர்யா தன் போனில் புதிய துப்பாக்கி விளையாட்டு ஒன்றைக் காட்டியபோது ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஏலே, இதுல மனுசன்ல சாவுறான்" என்றார்.

"வாத்து சாவலாமா மாமா?"

"இது எங்கன சாவுது? அடுத்த ஆட்டத்துல அதே வாத்துதான வருது."

நான் இந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். போன புரட்டாசியில் என் மனைவி சேதுலட்சுமி இறந்துபோனாள். அந்த மாதம் பலர் வந்தார்கள், பல சொன்னார்கள். ஒன்றும் மனதில் தங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முத்தழகு வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றியபடியே, "சார், சும்மாதான இருக்கீக? வாங்க, ரெண்டு சுட்டுட்டு வருவோம்" என்றார். போனேன். அன்றும் சரி, அப்புறம் போன நாட்களிலும் சரி, நான் சுட்டு ஒரு வாத்துகூட விழவில்லை. குறி தப்பினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். "நீங்க வாத்தப் பாக்கல சார், துப்பாக்கியப் பாக்குறீக" என்பார் முத்தழகு. அதற்குமேல் என்னைத் திருத்த மாட்டார்.

இந்தப் பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்த சிநேகா, சுவரில் மாட்டுகிற பெரிய எல்இடி டிவி ஒன்றை வாங்கி வந்தாள். பழைய பெட்டி டிவியை முருகம்மாள், பழைய இரும்புக்கு வெங்காயம் தருகிற வண்டிக்காரரிடம் போட்டு நான்கு கிலோ வெங்காயம் வாங்கினார். பேரத்தில் ஜெயித்ததாக அன்று முழுக்கத் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் புதிய டிவியில் வாத்து கிளம்பியது. படம் பளிச்சென்று இருந்தது. முத்தழகு சுட்டார். விழவில்லை. நாய் சிரித்தது. கேசட்டை ஊதினார். துப்பாக்கியின் வாயை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். வயர்களைக் கழற்றி மாட்டினார். பத்து வாத்தும் பறந்துபோயின. முருகம்மாளைச் சுடச் சொன்னார். அவருக்கும் விழவில்லை. "எனக்கு என்னைக்கு விழுந்துச்சு?" என்றார். அடுத்து நான். என் குறியை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

"சார், பெரிய டிவியில வாத்து வேகமாப் பறக்குதோ?"

"தெரியலையே."

"அப்ப எனக்குத்தான் கண்ணு போச்சு."

சாதாரணமாகச் சொன்னார். ஆனால் அந்த வாரம்தான் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. கண் பரிசோதனைச் சான்று இருந்தால்தான் அடுத்த வருடத்துக்கு வேலை. மாசிக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கமுதி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். இரண்டு முறையும் கத்தரிக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னைக்கு டாக்டர் இல்லையாம்" என்றார் முதல் முறை. இரண்டாம் முறை பையை முருகம்மாளிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

"கருவாட்டுக் கடையிலதான் கண்ணு டெஸ்டு பண்ணுறாக போல" என்றார் முருகம்மாள். சிரிக்காமல் சொன்னார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்பெல்லாம் கரையில் அவரோடு நடந்தால், அக்கரை மரத்தில் எத்தனை கூடு, எதில் எத்தனை குஞ்சு என்று அவர்தான் எனக்குச் சொல்வார். இப்போது என்னைக் கேட்டார். "சார், அந்த உச்சிக் கொப்புல இருக்கது ஒண்ணா ரெண்டா?" எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஒன்று என்றேன். உடனே பக்கத்திலேயே இன்னொரு குஞ்சு தலை தூக்கியது. என் கண்ணும் சரியில்லையா, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்தும் நம்ப மாட்டேன் என்கிறாரா? இப்படியே அன்று மாலை முழுக்க நடந்தோம். ஓரிடத்தில் நின்று, "இந்தக் காக்கி போச்சுன்னா நான் கரைக்கு எதுக்கு வாரது சார்? வேடிக்கை பாக்கவா?" என்றார்.

கமுதியில் டிவி பழுது பார்க்கும் வசந்தகுமாரிடம் வேறு வேலையாகப் போனபோது இதைச் சொன்னேன். அவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அது சுடுற துப்பாக்கி இல்ல சார், பாக்குற துப்பாக்கி. விசையை அமுக்குனதும் வாத்து இருக்க இடம் மட்டும் ஒரு நொடிகூட இல்ல, அதுக்குள்ள வெள்ளையா மின்னும். அதத் துப்பாக்கி பாத்தாத்தான் வாத்து விழும். எல்இடில மின்னுறதுக்குள்ள அது பாத்து முடிச்சிரும். பழைய டியூப் டிவிக்குத்தான் அது பொருந்தும். யார் கண்ணுலயும் கோளாறு இல்ல."

டியூப் டிவி என் வீட்டில் இருந்தது. சேதுலட்சுமி தைத்த உறை போட்டபடி, புரட்டாசியிலிருந்து யாரும் தொடாமல். வசந்தகுமார் சொன்னதை முத்தழகிடம் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அதில் நான்கு நாள் அவரை நேரிலேயே பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று இப்போது எழுதும்போதும் எனக்குச் சரியாக விளங்கவில்லை.

சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காவல் முடிந்த மத்தியானம், மஞ்சப்பையில் கேம் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். உறையை நானே எடுத்து மடித்து வைத்தேன். அவர் தரையில் உட்காரப் போனார். வேண்டாம் என்று நாற்காலி போட்டேன். வாத்து கிளம்பியது. டக். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பத்தும் விழுந்தன.

"பாத்தீங்களா? கண்ணுல ஒண்ணுமில்ல. எல்லாம் அந்த டிவிதான்" என்றேன்.

ஒன்றரை மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "நாலு கிலோ வெங்காயம் சார்! நானும்ல சேந்து தின்னேன்!"

பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார். ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினார். இந்த முறை இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுட்டார். புதிதாக ஏதோ பந்தயம் கட்டி விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் எண்ணினேன். ஒன்பது விழுந்தன.

மூன்றாவது ஆட்டத்தில் உள்ளங்கை வலது கண்ணுக்குப் போனது. வாத்து கிளம்பி, திரும்பி, மேலே ஏறியது. டக். நாய் சிரித்தது. அடுத்தது. டக். நாய் எழுந்தது. அப்போதுதான் அது விளையாட்டு இல்லை என்று எனக்கு மெதுவாக விளங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கண்ணாகத்தான் பார்ப்பார்கள்.

"சார், இப்ப வாத்து எங்கன இருக்கு?"

"இடது பக்கம். மேல."

அந்தப் பக்கம் திருப்பிச் சுட்டார். வாத்து திரையின் விளிம்பைத் தாண்டிப் போனது.

முத்தழகு உள்ளங்கையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. துப்பாக்கியையும் இறக்கவில்லை. காலைத் தரையில் ஊன்றி, நாற்காலியை டிவியை நோக்கி ஒரு சாண் நகர்த்தினார்.