அக்காவின் மூக்கும் வெளுப்புக் கொட்டகையும்

துணியின் நிறத்தைப் போக்குவதற்கு எங்கள் மில்லில் 'வெளுப்பு' என்று பெயர். அதன் வேர் 'வெள்'. வெள்ளை, வெள்ளி, வெளிச்சம் எல்லாம் அதே வயிற்றில் பிறந்தவை. அவ்வளவு பெரிய குடும்பத்துப் பிள்ளைக்கு முதலாளி ஒதுக்கிய இடம், ஜன்னலே இல்லாத ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் என் அக்காவும் மாமாவும் கல்யாணமான நாள்முதல் வேலை பார்த்தார்கள்.

பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் துணி ஊறும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாக ஆசிட் தொட்டியில் இறக்குவார்கள். அலசல் போதவில்லை என்றால் ஆசிட் பட்டதும் நச்சுப்புகை கிளம்பும். போதுமா என்று பார்க்க அங்கே இருந்த ஒரே கருவி மூக்குதான். அக்கா முகர்ந்து பார்த்து "போயிடுச்சு" என்றால்தான் மாமா துணியை இறக்குவார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை அவள்.

அந்த மூக்கு எப்போதோ செத்துவிட்டது. அடுப்பில் சோறு தீய்ந்தும் தெரியாமல் நின்றபோதுதான் அவளுக்கே உறைத்தது. மூக்கு போனவர்களை மேஸ்திரி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்பதால், மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை. துணியில் பவுடரின் வழவழப்பு மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, முகர்வதுபோல் நடித்தாள். ஏன் எந்நேரமும் மூக்கைச் சிந்துகிறாய் என்று கேட்டால், "மூக்கு உள்ள வரைக்கும் சளிதான்" என்று சிரிப்பாள்.

அன்று குழாயில் தண்ணீர் நூலாக வந்தது.

"லாரி வாசல்ல நிக்குது, சீக்கிரம்!" என்று மேஸ்திரி கத்தினான்.

அக்காவின் விரல்கள் குளிரில் மரத்திருந்தன. துணியை மூக்கருகே கொண்டுபோய், "போயிடுச்சு, இறக்குங்க" என்றாள். மாமா மொத்தச் சுமையையும் இறக்கினார். எல்லோரும் இருமிக்கொண்டு ஓட, அவர் தொட்டி ஓரத்திலேயே சரிந்தார். கண் எரிந்த பிறகுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் நானும் பக்கத்தில் இருந்தேன். மாமாவின் நெஞ்சு விசிலடித்தது. அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எனக்கு ரொம்ப நாளா வாசமே தெரியாதுங்க. நான்தான் உங்களைக் கெடுத்துட்டேன்."

மாமா முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மூடியை விலக்கினார்.

"அழாதடி. எனக்கு மட்டும் தெரியுமா? உனக்கு முன்னாடியே என் மூக்கு போயிடுச்சு. உன் மூக்கை நம்பித்தான் இத்தனை நாளும் இறக்கிட்டிருந்தேன்."

ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். பாழாய்ப்போன வேலைக்குப் பயந்து, ஒருவருக்கொருவர் இதை மட்டும் மறைத்திருக்கிறார்கள். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அன்று மாலையே போய்விட்டார்.